பையில் இருந்த ஸ்பீக்கர்

ஃபீல்டு அசிஸ்டன்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் பேய்க்கதை என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு மானாம்பதி கிராமத்தில் அந்த வேலியோரம் நின்றவள் நான்.

குருவிக் கூட்டுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்து, வல்லூறு கத்தும் ரெக்கார்டிங்கைப் போடுவோம். தாய்க்குருவி பயந்து ஒளிந்து, எவ்வளவு நேரம் கழித்துத் தீனியோடு வருகிறது என்று பார்ப்போம்.

"குளிர் தேசத்துக் குருவி அடுத்த வருஷம் உயிரோட இருக்குமான்னே தெரியாதுக்கா. அஞ்சாறு முட்டை வைக்கும், ஆபத்துன்னாலும் வந்து ஊட்டும். நம்ம ஊர்க் குருவி ரெண்டு மூணுதான் வைக்கும், நிறைய வருஷம் வாழும். அதனால முதல்ல தன் உயிரைப் பார்த்துக்கும்" என்றார் ஆராய்ச்சியாளர் நிர்மலா மேடம்.

எந்த ஊர்த் தாய் பிள்ளையைப் பட்டினி போடுவாள் என்று நான் சண்டைக்கே போய்விட்டேன்.

ஏழுமலை என்ற விவசாயியின் வேலியில் நிறைய கூடுகள். வாரக்கணக்காக அங்கே ரெக்கார்டிங்கைப் போட்டுக்கொண்டிருந்தோம். கடைசியாக ஒரு கொண்டைக்குருவிக் கூடு. இரண்டு குஞ்சுகள், கண்கூடத் திறக்கவில்லை. அடையாளத்துக்கு நாங்கள் காலில் வளையம் போட்டிருந்த தாய்.

அன்று காலை வண்டியை நிறுத்துவதற்குள் ஏழுமலை பாய்ந்து வந்தார். "இன்னாமா பேஜாரு இது? வெடிஞ்சதுலேர்ந்து உங்க பொட்டி கத்திக்கினே கீது. என் கோழி குஞ்சுங்கள இட்டுகினு வைக்கப்போருக்குள்ள பூந்துகிச்சு!"

"ஐயோ அண்ணே, பொட்டி என் பையில கீது. பேட்டரிகூட போடல."

சொல்லி வாய் மூடவில்லை, வேலிக்குள் வல்லூறு கத்தியது. எங்கள் ரெக்கார்டிங்கில் கத்தல் முடிந்ததும் பட்டனை அமுக்கும் 'டக்' சத்தம் ஒன்று பதிந்திருக்கும். அந்த 'டக்'கும் வந்தது.

பையைத் திறந்தேன். ஸ்பீக்கர் உள்ளேதான் கிடந்தது. வானத்தில் ஒரு பறவைகூட இல்லை.

மேடம்தான் பனைமரத்தைக் காட்டினார். கரிச்சான், இரட்டைவால் குருவி. கேட்ட குரலை அப்படியே திருப்பிக் கத்தும். மற்ற குருவிகள் பயந்து போட்டுவிட்டு ஓடும் இரையைத் தூக்கிக்கொண்டு போகும். எங்கள் ரெக்கார்டிங்கைக் கற்றுக்கொண்டுவிட்டது.

மண்ணாங்கட்டி எடுத்து அடித்தேன். அடுத்த மரத்துக்குப் போய்க் கத்தியது. 'டக்.'

தாய் தூரத்துக் கம்பியில், அலகில் புழுவோடு உட்கார்ந்திருந்தது. வா, வந்துடு தாயே என்று கெஞ்சினேன். கூட்டில் குஞ்சுகளின் சத்தம் மெலிந்துகொண்டே போனது. உச்சி வெயிலில் தாய் அந்தப் புழுவைத் தானே விழுங்கிவிட்டுப் பறந்துபோனது. சாயங்காலம் கூட்டில் சத்தமே இல்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

சில வாரத்தில், அதே வளையக்காலோடு, ஏரிக்கரைப் புதரில் அது புதுக் கூடு கட்டியது. மேடத்திடம் நான் பிறகு சண்டை போடவில்லை.

ஸ்பீக்கரை எடுக்கும் முன் மரங்களைப் பாருங்கள். கரிச்சான் இருந்தால் பேசாமல் வீட்டுக்குப் போங்கள். அந்த ரெக்கார்டிங்கை நாங்கள் அன்றைக்கே அழித்துவிட்டோம். ஏழுமலை வேலியில் அது இன்னும் கத்துகிறது.