மூட்டைப்பூச்சியும் முட்டை சுமப்பவனும்

அண்ணன் போன பிறகும் ஊரப்பாக்கத்து வீட்டில் அவன் கட்டில் உயிரோடு இருந்தது. வழக்கப்படி மெத்தையையும் தலையணையையும் சுடுகாட்டோடு விட்டுவிட்டோம். கட்டிலை மட்டும் அண்ணி தரவில்லை. வெறும் பலகைமேல் போர்வை விரித்து அதிலேயே படுத்தாள். விடிந்தால் கையெல்லாம் தடிப்பு.

மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்க வந்தவர் கட்டில் பொருத்துகளில் டார்ச் அடித்துப் பார்த்தார். "இன்னாம்மா இது, ஒரு ஊரே குடியிருக்குது. தூக்கிப் போடுங்க, இல்லாங்காட்டி வூடே பேஜாராயிடும்."

"வேணாங்க," என்றாள் அண்ணி. அவர் போனதும் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "அவரைக் கடிச்ச பூச்சிங்க தம்பி. அவரு ரத்தம் இன்னும் அதுங்ககிட்டதான் இருக்கு."

குடித்த ரத்தம் சில நாளில் செரித்துவிடும். எனக்குத் தெரியும். ஆனாலும் அதன்பின் அந்தக் கட்டிலைக் கடக்கும்போதெல்லாம், அண்ணன் துளித்துளியாக மரத்துக்குள் நடமாடுவது போலிருந்தது.

அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. மாதத் திதியான மாசிகத்துக்குத் திருப்போரூர் குளத்தில் நான்தான் முழுகினேன். படியோரம் புளியங்கொட்டை நிறத்தில் தட்டையாக ஒரு நீர்ப்பூச்சி, பின்புறத்தை நீர்மட்டத்தில் நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அது முதுகுல என்ன தம்பி, கடுகு ஒட்டின மாதிரி?"

"முட்டை அண்ணி. பொட்டை ஒட்டிட்டுப் போயிடும். பொரியற வரைக்கும் ஆண்தான் சுமக்கும்."

"உங்க அண்ணன் காய்கறிப் பையே தூக்கமாட்டாரு," என்று சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு.

இதுவும் மூட்டைப்பூச்சியும் ஒரே குலம்தான். இரண்டுக்கும் மென்று தின்னத் தெரியாது. ஊசிவாயால் உறிஞ்சத்தான் தெரியும். ஒன்று உறங்குபவரிடம் திருடிக்கொண்டு இடுக்கில் ஒளியும். மற்றது தலைப்பிரட்டையைப் பிடித்துக் குடித்துவிட்டு, வெட்டவெளித் தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கித் திரியும்.

"பொரிஞ்ச அப்புறம்?"

"வெறும் முட்டையோட்டை உதிர்த்துட்டுப் போயிடும்."

அண்ணி திரும்பும் பஸ் முழுக்க முழங்கையைச் சொறிந்துகொண்டே வந்தாள்.

மறுநாள் அவளே கட்டிலை மாடிக்குத் தூக்கச் சொன்னாள். உச்சி வெயில். பொருத்தில் வெந்நீர் ஊற்றினேன். கொழுத்த ஒன்று தப்பிக் கைப்பிடிச் சுவரில் ஏறியது. கட்டைவிரலால் நசுக்கினாள். வெள்ளைச் சுவரில் சிவப்பாக ஓர் இழுப்பு.

வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"இது என் ரத்தம், அவருது இல்ல," என்றாள். "ஊத்துங்க தம்பி."

ஊற்றினேன். ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் நசுக்கி, குனிந்து, பார்த்துக்கொண்டே இருந்தாள்.