ரிலேவுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் பட்டு நூலுக்கு முறுக்கேற்றும் மெஷின்கள் மூன்று ஓடின. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்பிருந்தே நடு மெஷின் நின்று நின்று உயிரை வாங்கியது. மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் நிறுத்திவிட, சுவரில் இருந்த பேனல் பெட்டிக்குள் ரிலே என்று ஒரு சின்ன டப்பா உண்டு. அதுதான் கெட்டுப்போய்க் கண்டபடி நிறுத்துகிறது என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். நிற்கும்போதெல்லாம் இழைகள் அறுந்துபோகும். அம்மா இடுப்பொடியக் குனிந்து ஒவ்வொன்றாக முடிச்சுப் போடுவாள். எனக்கு அந்த டப்பாவைக் கண்டாலே ஆகாது.

பூஜையன்று அப்பா மெயினை இறக்கிவிட்டுப் பேனலைத் துடைத்தார். அதன் கதவுக்குப் பொட்டு வைக்கும் வேலை எனக்கு. அவர் தேங்காய் எடுக்கப் போன நேரம் பார்த்து உள்ளேயும் கையை விட்டேன். மூடி உடைந்திருந்த ரிலேவின் வாய்க்குள் சந்தனத்தை வழித்து அப்பி, குங்குமமும் வைத்து, "எங்கம்மாவ இனிமே பேஜார் பண்ணாத" என்று கும்பிட்டேன்.

சாமி கைவிடவில்லை. மறுநாளிலிருந்து மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. நான் யாரிடமும் சொல்லாமல் கர்வத்தோடு திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். செய்யாரில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். ரிலேவை மாற்றத்தான் அப்பா கூப்பிட்டிருந்தார்.

"பூஜ போட்டதும் தானா சரியாப் பூடுச்சிடா. நீ சாப்ட்டு போ, போதும்" என்றார் அப்பா.

"ரிலே தானா சரியாவாதுண்ணா" என்ற சித்தப்பா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

நடு மெஷினின் மோட்டாரில் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார். அப்படிச் சுட்டது. மீட்டரை மாட்டிப் பார்த்தார். மின்சாரம் அளவைத் தாண்டி ஓடியது. பேரிங் இறுகி மோட்டார் திணறிக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியானால் ரிலே அத்தனை நாளும் நியாயமாகத்தான் நிறுத்தியிருக்கிறது. இப்போது ஏன் நிறுத்தவில்லை? மெயினை இறக்கிப் பேனலைத் திறந்தார். கல்லாகக் காய்ந்த சந்தனம், மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலேவின் நாக்கை அசையவிடாமல் பிடித்திருந்தது.

"அண்ணி, இதும் பக்கத்துலயா உக்காந்துகினு இருந்தீங்க? மோட்டார் எரிஞ்சி நூலு பத்திக்கினா இன்னா ஆயிருக்கும்?"

அம்மா மெஷினைவிட்டுச் சட்டென்று விலகி வந்தாள்.

"யாரு இதுல சந்தனம் வெச்சது?" என்றார் சித்தப்பா.

"நான்தான்" என்றேன், பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி.

ஆச்சரியம், யாரும் அடிக்கவில்லை. சித்தப்பா என் பொட்டோடு ரிலேவைக் கழற்றி எறிந்துவிட்டு, பையிலிருந்து புதியதை எடுத்து மாட்டினார். பேரிங்கை மாற்றுமுன் இது வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று, நூலை எடுக்கச் சொல்லிவிட்டு மெஷினைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் 'டக்'கென்று நின்றுபோனது.

அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு இலை போட்டு சித்தப்பாவுக்கு வடைமேல் வடையாக வைத்தாள்.

நின்றுபோன மெஷினைப் பார்த்து இவர்களுக்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று எனக்கு விளங்கவேயில்லை. நான் ஓடவைத்ததை நிறுத்திக் காட்டிய மனுஷருக்கு வடை வேறு. அவர் செய்யாருக்கு பஸ் ஏறும்வரை நான் அவரோடு டூ.