எட்டு மணி நேரம் வெந்த மாட்டிறைச்சி

பாரிஸில், லா சப்பலில் நாங்கள் இருந்த வீடு மச்சாளின் பெயரில் இருந்தது. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. நான் கல்யாணம் முடித்து இங்கே வந்தபோது அவர் வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வேலை, விசா, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அவரிடம் இருந்தன. எங்களிடம் இரண்டு சூட்கேஸ் இருந்தது. வேறு வீடு கிடைக்கும் வரை இருங்கள் என்றார். பதினொரு வருடம் இருந்தோம்.

நான் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் யாழ்ப்பாணத்துச் சைவம். கல்யாணத்துக்கு முன் தொலைபேசியில் மச்சாள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குள் மாட்டிறைச்சி வரக்கூடாது என்றார். நான் ஓம் என்றேன். இருபத்து நான்கு வயதில், பாரிஸுக்கு வருவதற்காக நான் எதற்கும் ஓம் என்றிருப்பேன்.

அந்த வாக்கை நான் மீறவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து பாரிஸுக்கு வெளியே சார்செலில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போவேன். அங்கே மாட்டிறைச்சிப் பிரட்டல் இருக்கும். சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்து, ரயிலில் சூயிங்கம் மென்றபடி திரும்பி வருவேன். மச்சாள் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்ப்பார். எதுவும் கேட்க மாட்டார். ஆனால் அன்றைக்கு அவருடைய சோற்றுப் பானையில் என்னைக் கை வைக்கவும் விடமாட்டார். அவரே போட்டுத் தருவார்.

குசினி ஒருவர் நின்றால் மற்றவர் பக்கவாட்டில் நுழைய வேண்டிய அளவு. பதினொரு வருடத்தில் அங்கே ஒரு கரண்டியின் இடத்தைக்கூட என்னால் மாற்ற முடிந்ததில்லை. மாற்றினால் பின்னேரம் அது பழைய இடத்தில் இருக்கும். நான் அடுப்பில் எதை வைத்தாலும் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடுவார். நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு சொல் வராது. அந்த மூடிச் சத்தத்துக்கு எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

சொல்ல விருப்பமில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மகள் இரண்டு வயதில் நிமோனியாவில் கிடந்தபோது ஐந்து நாள் தன் வேலைக்கு லீவு போட்டு ஆஸ்பத்திரியில் இருந்தது மச்சாள்தான். சலவைக் கடையில் ஆறு மணி நேரம் ஸ்திரிப்பெட்டியால் துணி மினுக்கிவிட்டு வந்து, எங்கள் வீட்டுத் துணிகளையும் மினுக்குவார். என் ஹோட்டல் யூனிபோர்மில் ஒரு சுருக்கம் இருக்காது. இதெல்லாம் இருந்ததால்தான் அவருடன் சண்டை பிடிப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் நான் அறைகள் துப்புரவு செய்கிறேன். என்னோடு அங்கே வேலை செய்த போலந்துக்காரி ஒருத்தி ஊருக்குத் திரும்பிப் போனபோது தன் மின்சாரச் சட்டியை எனக்குத் தந்துவிட்டுப் போனாள். பிரெஞ்சில் மிஜோத்தூஸ் என்பார்கள். காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனால், மெல்லிய சூட்டில் எட்டு மணி நேரம் தானாக வெந்து, வரும்போது சாப்பாடு தயாராக இருக்கும். அவள் ஹோட்டலுக்கு டப்பாவில் கொண்டுவரும் மாட்டிறைச்சியும் நூடில்ஸும் இதில் செய்ததுதான். இறைச்சி விரல் பட்டாலே நாராகப் பிரியும். செய்முறையை ஹோட்டல் துவாய்க் கணக்குத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதித் தந்தாள். வதக்க வேண்டாம், தாளிக்க வேண்டாம், நின்று கிண்ட வேண்டாம்.

அந்தக் குசினியில் எனக்கென்று இருந்த முதல் சாமான் அந்தச் சட்டி. மச்சாள் அதைச் சோம்பேறிச் சட்டி என்றார். முதல் மாதம் பருப்பு, கோழி, கிழங்கு என்று வைத்தேன். மூடியைத் திறந்தால் சூடு போய்விடும், திறக்காதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். கண்ணாடி மூடிதான், வெளியில் நின்றே பார்க்கலாம். அவர் தூக்கித்தான் பார்த்தார்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை காலையில் அதில் மாட்டிறைச்சி வைத்தேன்.

பிள்ளை கேட்டாள், பள்ளிக்கூடச் சாப்பாட்டில் ருசி கண்டுவிட்டாள் என்று அப்போது எல்லாரிடமும் சொன்னேன். பிள்ளை கேட்டது உண்மை. ஆனால் பிள்ளை கேட்கிற எல்லாவற்றையுமா நான் செய்தேன்? எனக்குச் செய்ய வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மச்சாளுக்கு வேலை இல்லாத நாள். அது தெரிந்தேதான் வைத்தேன். வெங்காயம், கரட், காளான், உள்ளி, ஒரு சூப்புக் கட்டி, ஒரு கரண்டி கடுகு விழுது, மேலே பெரிய துண்டுகளாக இறைச்சி. ஏழு மணிக்குச் சட்டியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் ஐந்தரைக்குப் படியேறும்போதே தெரிந்தது. ஐந்தாம் மாடி வரை எந்த வாசமும் இல்லை.

பிளக் கழற்றி, வயர் அழகாகச் சுற்றிச் சட்டியின் மேல் வைக்கப்பட்டிருந்தது. உள்ளே இறைச்சி பச்சையாக, இளஞ்சிவப்புத் தண்ணீரில் கிடந்தது. பத்து மணி நேரம் அப்படிக் கிடந்த இறைச்சியை யாருக்குக் கொடுப்பது? மச்சாள் முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் ரொய்சி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. அவரும் அப்போதுதான் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் கழட்டினனீங்கள்?" என்று கேட்டேன்.

"என்ரை வீடு," என்றார் மச்சாள். தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த இரண்டு சொல்லைப் பதினொரு வருடமாக அவர் சொல்லாமல் வைத்திருந்தார். நான் கேட்காமல் வைத்திருந்தேன். கணவரைப் பார்த்தேன். அவர் ஒரு சப்பாத்தோடு குந்தியபடி, அக்காவைப் பேச விடு, பிறகு பார்ப்போம் என்பது போலக் கையைக் காட்டினார். அந்தக் கையைக் கண்டதும்தான் எனக்கு வாய் வந்தது.

"உங்கடை தம்பி கார் து நோருக்கு முன்னாலை துருக்கிக் கடையிலை வியாழனுக்கு வியாழன் சாப்பிடுறவர். அது என்ன இறைச்சி எண்டு கேளுங்கோ."

மச்சாள் தொலைக்காட்சியை நிறுத்தினார். தம்பியைப் பார்த்தார்.

"கோழிதான் அக்கா," என்றார் என் கணவர்.

அது கன்றுக்குட்டி இறைச்சி. எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் முதல் வருடத்தில் அவரோடு பக்கத்தில் நின்று நானும் சாப்பிட்டிருக்கிறேன். மச்சாளுக்கும் அது பொய் என்று தெரிந்துவிட்டது. அவர் வளர்த்த தம்பி. பொய் சொல்லும்போது தம்பியின் குரல் எப்படிப் போகும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் இறைச்சியை இரண்டு பைக்குள் போட்டு, ஐந்து மாடியும் இறங்கிக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன்.

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் மூன்று பெரியவர்களும் பிள்ளை மூலமாகத்தான் பேசினோம். பிள்ளைக்குப் பத்து வயது. நாங்கள் தமிழில் சொல்ல, அவள் பிரெஞ்சில் மற்றவருக்குச் சொல்வாள். மூன்றாம் நாள் தனக்கு அலுத்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை நான் லீவு எடுத்தேன். அதே இறைச்சி, அதே செய்முறை. காலையில் கணவரும் பிள்ளையும் போனதும் சட்டியைப் போட்டுவிட்டு, குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். எட்டு மணி நேரமும் காவல் இருப்பதென்று முடிவு.

மச்சாள் குளித்து, சாமிப் படத்துக்கு விளக்கு வைத்து, வந்து பார்த்தார். என்னைக் கடந்து உள்ளே போய் யன்னலை அகலத் திறந்தார். வெளியே குளிர் நான்கு பாகைகூட இருக்காது. அவர் போனதும் நான் பூட்டினேன். வந்து மறுபடியும் திறந்தார். நாலு தரம் இப்படி நடந்தது. பிறகு நான் பூட்டுவதை விட்டேன். போய் என் குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரும் தன் அங்கியைப் போட்டுக்கொண்டு முன்னறைக் கதிரையில், எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் போல, தொப்பியும் போட்டபடி, சொந்த வீட்டுக்குள் இருந்தோம். சட்டி மட்டும்தான் சூடாக இருந்தது.

பதினொரு மணிக்கு வாசம் எழும்பத் தொடங்கியது. யன்னல் திறந்திருந்தும் நின்றது. வெங்காயமும் இறைச்சியும் சேர்ந்த ஒரு கனத்த வாசம். மச்சாள் முந்தானையை மூக்கில் வைத்தார்.

"கறித்தூள்கூடப் போடேல்லை," என்றார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"போடத் தேவையில்லை."

"பிணம் எரிக்கிற மாதிரிக் கிடக்கு."

வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வரும் என்று அங்கியின் பொத்தானைக் கழுத்து வரை பூட்டினேன். பன்னிரண்டுக்கு அவர் தன் சோற்றை எடுத்துக்கொண்டு போய் அறைக்குள் சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை. எழுந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவார் என்று கழிவறைக்குக்கூட ஓடிப்போய் ஓடிவந்தேன்.

இரண்டு மணி இருக்கும். அறையிலிருந்து வந்தவர் ஒரு கடித உறையை என் மடியில் போட்டார். சார்செலில் வாடகை வீடு ஒதுக்கும் அலுவலகத்திலிருந்து என் பெயருக்கு வந்தது. அங்கே அக்கா இருக்கும் அடுக்குமாடியில் ஒரு வீடு காலியாகிறது என்று கேள்விப்பட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டிருந்தேன். கணவருக்கும் சொல்லவில்லை. உறை ஒட்டியபடியே இருந்தது.

"சனிக்கிழமை வந்தது. நான் உடைக்கேல்லை. வெளியிலை எழுதியிருக்கிறதை வாசிக்க எனக்குத் தெரியும்," என்றார். பிறகு, "நீ தின்னுறதுக்குச் சமைக்கேல்லை. போறதுக்குச் சமைக்கிறாய். நான் சண்டை பிடிச்சு உங்களைத் துரத்தினதா இருக்கோணும் உனக்கு."

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"ஓம்," என்றேன்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் விட்டிருப்பீங்களோ?"

"விட்டிருக்க மாட்டன்," என்றார்.

போய் யன்னலைப் பூட்டினார். அது சமாதானம் என்று யாரும் நினைக்க வேண்டாம். குளிர் தாங்காமல் பூட்டினார். அதன் பிறகு மூன்று மணி வரை அங்கே உட்கார்ந்திருந்தார்.

பின்னேரம் பட்டையான நூடில்ஸை அவித்து வடித்தேன். இறைச்சியை முள்ளுக்கரண்டியால் அழுத்தினேன், போலந்துக்காரி கொண்டுவருவது போலவே நாராகப் பிரிந்தது. கொஞ்சம் கிரேம் ஊற்றிக் கிளறி, நடு மேசையில் வைத்தேன். ஆறரைக்கு நாலு பேரும் மேசையில் இருந்தோம். மச்சாள் அறைக்குள் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தன் சோறும் பருப்பும் போட்ட கோப்பையுடன் வந்து, எப்போதும் இருக்கும் தன் கதிரையில் இருந்தார்.

பிள்ளை சாப்பிட்டாள். உப்புக் குறைவு, ஆனால் நல்லாயிருக்கிறது என்று பிரெஞ்சில் சொல்லி இன்னும் கேட்டாள். நான் கணவருக்கும் ஒரு கோப்பையில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். அவர் கோப்பையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பசியில்லை, வேலையில் சாப்பிட்டுவிட்டேன் என்றார். மச்சாள் தன் பருப்புச் சட்டியை அவர் பக்கம் தள்ளினார். அதையும் அவர் தொடவில்லை.

அப்போதுதான் நான் உறையை மேசையில் உடைத்து வாசித்தேன். வீடு கிடைத்திருந்தது.

மாசி முடிவில் சார்செலுக்குப் போனோம். பதினான்காம் மாடி. கணவர் வர மாட்டார் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளைக்காக வந்தார், அதையும் எல்லாருக்கும் சொன்னார். நாங்கள் போன அன்று மச்சாள் வேலைக்குப் போய்விட்டார். என்னுடைய யூனிபோர்ம் இரண்டும் மினுக்கி மடித்து, மேல் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கடைசி நாளிலும் என்னைக் கடமைப்பட்டவளாக்கிவிட்டுப் போனார் என்று.

புது வீட்டில் முதல் ஞாயிறு மாட்டிறைச்சியும் நூடில்ஸும் செய்தேன். யாரும் காவல் இருக்கத் தேவையில்லை. பூசைக்குப் போய்விட்டு வந்து மூடியைத் திறந்தேன், சரியாக இருந்தது. என் கணவர் மேசைக்கு வந்து, கேட்காமலே தானாகப் போட்டுக்கொண்டார். ஒரு கோப்பை முடித்து இரண்டாவது எடுத்தார். மூன்றாவதற்குக் கரண்டியை விட்டபோது எனக்குத் தலைக்கு ஏறியது.

"அண்டைக்கு ஏன் சாப்பிடேல்லை?" என்று கேட்டேன்.

மென்றுகொண்டே சொன்னார், "அக்கா பாத்துக்கொண்டிருந்தவ."

"நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார். கோப்பையில் இருந்ததை முடித்தார். நான் எழுந்து குசினிக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த நூடில்ஸ் சட்டியை மறுபடியும் கழுவினேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆகிவிட்டது. சனிக்கிழமைகளில் அவர் லா சப்பலுக்குப் போய் அக்கா வீட்டில் சைவம் சாப்பிட்டு வருவார். மச்சாள் எங்கள் வீட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லை, நான் கூப்பிட்டதுமில்லை. ஒரு தரம் லா சப்பல் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நேருக்கு நேர் நின்றோம். பிள்ளைக்குக் கண்ணாடி போட்டாச்சா என்று கேட்டார். போட்டாச்சு என்றேன். முற்றாத முருங்கைக்காய் நாலைத் தேர்ந்தெடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, நல்லதாக ஒன்றும் எனக்கு மிச்சம் வைக்காமல், காசு கட்டும் வரிசைக்குப் போனார்.