தம்பிமுத்தரின் சொந்த வீடு

அச்சுவேலியில் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் செய்து நொடித்துப்போன தம்பிமுத்தர், 1986இல் கடன் கட்ட வழியில்லையென்று வங்குரோத்து மனு எழுதச் சட்டத்தரணியிடம் போனார். கடனைவிடப் பழைய கடன் விண்ணப்பமே அவரை வாட்டியது. வங்கியின் மனம் குளிரட்டுமென்று, மனைவி பூரணத்தின் சீதன வீட்டைத் தன் சொந்த வீடென்று அதில் அழகாக எழுதியிருந்தார்.

சட்டத்தரணி அதை உரத்து வாசித்தார்.

“இஞ்சருங்கோ, என்ரை வீடு எப்ப உங்கடை ஆனது?” என்றாள் பக்கத்திலிருந்த பூரணம்.

“அண்ணையின்ரை வீடெண்டால் ஏலத்திலை போகும், அக்கா” என்றார் சட்டத்தரணி.

பூரணம் பையிலிருந்த சீதன உறுதிப் பத்திரத்தை மேசையில் வைத்தாள். சட்டத்தரணி அதை வரிவரியாகப் படித்தார்.

“வீடு தப்பீட்டுது. பொய் எழுதின அண்ணைதான் இனித் தப்ப வேணும்.”

அன்று மாலை தம்பிமுத்தர் பூரணத்தின் வீட்டுப் படலையில் நின்று, “உள்ளுக்கு வரலாமோ?” என்று கேட்டார்.