வாசலில் மாட்டிய பச்சைக்கல் முகம்

லண்டனில் காலை ஒன்பது மணிக்கு முன்னம் கிழவருக்கான இலவச ரயில் பாஸ் வேலை செய்யாது. ஒன்பது ஐந்துக்கு டூட்டிங் பிராட்வேயில் மகன் சுதனோடு ரயில் ஏறினேன்.

எல்லாம் ஒரு கல்முகத்தால் வந்த வினை. மருமகள் எங்கேயோ சந்தையில் வாங்கி, விம்பிள்டன் புதுவீட்டு வாசலில் வெருளியாக மாட்டியிருக்கிறாள். கண்ணூறு படாதாம். வெள்ளிக்கிழமை குடிபூரல், பால் காய்ச்ச வேண்டியவள் நான். அது இன்னதென்று தெரியாமல் அதன் கீழால் நுழைய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"அசல் மியூசியத்திலை இருக்கு, வந்து பாருங்கோ" என்று இழுத்துக்கொண்டு போனான்.

கெனிங்டனில் இறங்கி மாறவேண்டும்.

"கடையைப் பூட்டிப்போட்டு வெருளி பாக்கப் போறன். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றான் சுதன்.

"நானே வாங்கச் சொன்னனான்?"

மியூசிய வாசலில் பை சோதிக்க ஒரு வரிசை. உள்ளே நடை, நடை. கடைசியில் கண்ணாடிக்குள் உள்ளங்கையளவு பச்சை முகம். இதற்கோ இவ்வளவு பாடு? எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. சுதன் வாசித்தான்.

"மெக்சிக்கோவிலை ஒல்மெக் எண்ட சனம் செய்தது. மூவாயிரம் வருசத்துக்குக் கிட்ட. பச்சைக்கல் அவைக்குத் தண்ணி மாதிரி, சோளப்பயிர் மாதிரி. சடங்கிலை இதை நெஞ்சிலை அணிஞ்சவர் சாமியாய் மாறினவர் எண்டு நினைக்கினமாம்."

"நினைக்கினமோ? திட்டமாய்த் தெரியாதோ?"

"ஒருத்தரும் எழுதி வைக்கேல்லையணை!"

சாமி வந்து கலை ஆடுகிறவருடைய முகம்! அதையோ வெருளியாக்கினது? செருப்பைக் கழற்றினேன். காவலாளி ஓடி வந்து போடச் சொன்னார்.

"அம்மா, மானத்தை வாங்காதேங்கோ."

போட்டுக்கொண்டு வடிவாகப் பார்த்தேன். வாய் புலியின் வாய் போல இருந்தது. ஆனால் கடைவாய் இரண்டும் கீழே இழுத்திருந்தது. அழப்போகிற குழந்தைக்கு இழுப்பதுபோல.

இரண்டு மணிக்கு விம்பிள்டன். மழைத் தூறல். மருமகள் கதவைத் திறந்தாள்.

"என்ன மாமி, முடிவு?"

"ஏணியை எடு பிள்ளை."

"எறியப் போறியளோ?"

"சாமியறையிலை வைக்கப் போறன். வாசலுக்கு நீத்துப்பூசணிக்காய் கட்டு."

"பிள்ளையாருக்குப் பக்கத்திலையோ?" என்று சுதன் சிரித்தான்.

"அவருக்கு மட்டும் மனிசமுகமோ?"

அவன் இறக்கித் தந்ததை இரண்டு கையாலும் வாங்கினேன். நனைந்து சில்லிட்டிருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்து, வலது காலை எடுத்து உள்ளே வைத்தேன்.

"மாமி, வெள்ளிக்கிழமையெல்லோ நாள்!"

மழையில் நின்ற பிள்ளையை உள்ளே எடுக்கவும் நாள் பார்ப்பதோ?