மௌனத்தை வெட்டிக் கேட்டவள்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றுக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பொட்காஸ்ட்டுகளைக் கேட்டு விமர்சனம் எழுதிக்கொடுப்பது என் வேலை. வேலை என்று சொல்லிக்கொள்ள எனக்கே வெட்கம். சண்டிலிப்பாயில் எங்கள் தோட்டத்துக்குள் நின்று கத்தரிக்காய் ஆய்ந்தபடி இயர்போனைக் காதில் கொழுவிக்கொண்டு கேட்பேன். பின்னேரம் இருந்து எழுதுவேன். இப்போது எல்லாரிடமும் ஒரு மைக் இருக்கிறது. இருந்து கேட்கத்தான் ஆளில்லை. கேட்பதாகச் சொல்லிக்கொண்ட நானே கேட்கவில்லை என்பதுதான் இந்தக் கதை.

விமர்சகர்கள் என்று நாங்கள் ஏழெட்டுப் பேர். சென்னைக்காரர் எதற்கும் ஒலித்தரம் போதாது என்பார். கனடாக்காரர், யாராவது ஊர்ப் பேச்சில் ‘ஓம்’ என்று சொல்லிவிட்டாலே உருகிப்போவார். கொழும்புக்காரருக்குத் தொடக்க இசை எப்போதும் நீளம். ஒருவர் எழுதியதைப் பார்த்துத்தான் மற்றவர் எழுதுகிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் முகத்துக்கு நேரே சொல்பவள் என்று பெயரெடுத்திருந்தேன். அந்தப் பெயரால் எனக்குக் கொஞ்சம் தடிப்பும் இருந்தது.

என் போனில் ஒரு வசதி உண்டு. அதை அழுத்திவிட்டால், பேச்சுக்கு இடையில் வரும் மௌனங்களை எல்லாம் தானே வெட்டி எறிந்துவிட்டுச் சொல்லோடு சொல்லை ஒட்டித் தந்துவிடும். ‘வந்து… வந்து…’ என்று இழுக்கிற ஒருவரைக் கேட்டு விசர் பிடித்து ஒருநாள் அதை அழுத்தினேன். எனக்கு நேரம் மிச்சம். பிறகு அப்படி ஒன்றை அழுத்தியதையே மறந்துபோனேன்.

போன வருசம் வடக்குக் கரையில், கடல்தொழில் செய்கிற குடும்பத்துப் பெண் ஒருத்தி தன் தகப்பனைக் கதைக்க வைத்து ஒரு பொட்காஸ்ட் தொடங்கினாள். அவள் கேட்பாள், அவர் சொல்வார். வள்ளத்துக்கு என்ஜின் வாங்கப் போய் ஏமாந்தது, பெண் பார்க்கப் போன வீட்டில் நாய் கடித்தது என்று நல்ல சிரிப்பான கதைகள்தான். ஆனால் மனிதர் மூச்சே விடாமல் சொல்லிக்கொண்டு போனார். முதற்பகுதி நாற்பது நிமிடம் என்று போட்டிருந்தது. நான் இரண்டு வரி கத்தரி ஆய்வதற்குள் முடிந்துவிட்டது. அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

இப்படி எழுதினேன்: ‘பெரியவர் கதைக்கவில்லை, பாடமாக்கி ஒப்புவிக்கிறார். மகள் எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறாரோ என்றும் சந்தேகம் வருகிறது. ஓரிடத்தில்கூட நின்று யோசிக்காத ஒருவரின் நினைவுகளை நாங்கள் ஏன் நம்ப வேண்டும்?’

கடைசி வசனம் எனக்கு நல்லாய்ப் பிடித்திருந்தது. இரண்டு தரம் வாசித்துப் பார்த்துச் சந்தோசப்பட்டேன்.

‘ஒப்புவித்தல்’ என்ற சொல்லை மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். சென்னைக்காரர் செயற்கை என்றார். கனடாக்காரர் தனக்கும் அப்படித்தான் பட்டது என்று எழுதினார். அவர்கள் ஒரு நிமிடமாவது கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அடுத்த பகுதி வரவில்லை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

விமர்சனம் வந்து பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

“அக்கா, அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ரெண்டு வருசம். ஒரு சொல்லு வாயிலை வாறதுக்கு எவ்வளவோ நேரம் எடுக்கும். கதைச்சுக் கதைச்சுத்தான் பேச்சுத் திரும்பும், விட்டால் போயிடும் எண்டு டொக்டர் சொன்னவர். அதுக்காகத்தான் இதைத் தொடங்கினது. வருத்தக்காரன் எண்டு போடாதை எண்டு அப்பா சொன்னதாலை நான் அதைப் போடேல்லை. நீங்கள் எதைக் கேட்டிட்டு அப்பிடி எழுதினனீங்கள் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை.”

எனக்கும் விளங்கவில்லை. அந்த முதற்பகுதியைத் திரும்பப் போட்டுக் கேட்டேன், அதே வேகம். போனைக் கிண்டிக் கிண்டிப் பார்த்தபோதுதான் அந்த வசதி கண்ணில் பட்டது. அதை நிற்பாட்டிவிட்டு முதலிலிருந்து கேட்டேன்.

“நான்” என்றார். பிறகு ஒன்றுமில்லை. மூச்சு இழுபடுகிற சத்தம் மட்டும். தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, கடந்து, போயும் விட்டது. மகள் அவசரப்படுத்தவில்லை. நான் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தேன். “அண்டைக்கு” என்றார். திரும்பவும் மூச்சு. நாற்பது நிமிடமும் அப்படியே போனது. ஒவ்வொரு சொல்லையும் அந்த மனிதர் உயிரைக் கொடுத்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் வரம்பில் குந்தியிருந்து அழுதேன். அழுது என்ன பிரயோசனம்?

பத்திரிகை ஆசிரியருக்கு நடந்ததைச் சொன்னேன். “பெரிசா எடுக்காதையுங்கோ பிள்ளை, அடுத்த முறை நல்லதா நாலு வரி போட்டுவிடுவம்” என்றார். சண்டை பிடித்து ஒரு திருத்தம் போடுவித்தேன். அது உள்பக்கத்தின் ஒரு மூலையில், ‘காணி விற்பனைக்கு’ விளம்பரத்துக்குக் கீழே வந்தது. மற்ற விமர்சகர்களுக்கும் எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

பிறகு பஸ் எடுத்து அவர்கள் வீட்டுக்கே போனேன். அவர் யன்னலோரம் கதிரையில் இருந்தார். நான் யாரென்று மகள் சொன்னாள். அவர் முன்னால் நின்று, போனைக் காட்டி, நடந்த பிழையை விளங்கப்படுத்தினேன். சொல்லச் சொல்ல, அது எவ்வளவு கேவலமான சாட்டு என்று எனக்கே கேட்டது. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா” என்றேன். அவர் போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் காத்து நின்றேன். இப்போது எவ்வளவு நேரமும் நிற்க என்னால் முடியும். அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தேத்தண்ணி போடுகிற சாட்டில் மகள் என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

“பேப்பரிலை வருகுது எண்டவுடனை அப்பாவுக்குச் சரியான புழுகம் அக்கா, சந்தோசம் தாங்கேல்லை. சேவ் எடுத்து, தோய்ச்ச வேட்டி கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வாசிகசாலைக்குப் போனவர். எல்லாருக்கும் கேக்க ஒராள் உரத்து வாசிச்சவர். அவையளிலை ஒருத்தரும் பொட்காஸ்ட் கேக்கேல்லை, பேப்பரிலை கிடந்ததைத்தான் நம்பினவை. ‘என்ன அண்ணை, பாடமாக்கினதோ?’ எண்டு பகிடியாக் கேட்டுச் சிரிச்சினம். அப்பா ‘இல்லை’ எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தவர். சொல்லு வரேல்லை. அவையள் கொஞ்சம் பாத்திட்டு அடுத்த பக்கத்தை வாசிக்கத் தொடங்கிட்டினம்.”

நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன்.

“நான் சொல்ல வெளிக்கிட, கையைப் பிடிச்சு மறிச்சுப் போட்டார். தானே சொல்ல வேணும் எண்டு நினைச்சிருப்பார்.” அவள் அடுப்பைத் தணித்தாள். “எங்கடை படலையடிக்கு வந்த பிறகுதான் அக்கா அந்தச் சொல்லு வந்தது. ‘இல்லை’ எண்டார். அப்ப அதைக் கேக்க நான் ஒராள்தான் நிண்டனான். அதுக்குப் பிறகு அவர் கதைக்கேல்லை.”