பொட்டலத் தோசை

ஹோட்டல் வாசலில் பைகளைக் காவல் காத்துக்கொண்டு பெண்கள் நிற்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் வீட்டு ஆண்கள் உள்ளே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இரண்டாம் முறை சாம்பார் கேட்டுக்கொண்டிருப்பார்கள். போய்ச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வரலாமா என்றிருக்கும். நானும் அப்படி நின்றவள்தான். கல்யாணம் ஆகிற வரைக்கும் நின்றேன். என் அம்மா அதற்கப்புறமும் நின்றாள்.

எங்களுக்குப் பாகூர் பக்கம் ஊர். நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம், சோற்றுக்குக் குறைவில்லை. அப்பாவுக்கு ஹோட்டல் என்றால் உயிர். ஹோட்டல் என்று சொல்ல மாட்டார், கிளப் என்பார். புதுச்சேரியில் எந்தக் கிளப்பில் வடை நன்றாக இருக்கும், கடலூரில் எங்கே காபிக்குப் பால் தண்ணீராக இருக்காது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பத்திர வேலையாகப் போனாலும் கரும்பு வெட்டுக்கு ஆள் பேசப் போனாலும் நேராகப் போய் உட்காருவது கிளப்பில்தான். வீட்டுக்கு வந்து அந்தச் சட்னியைப் பற்றி அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுவார். அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டே கேட்பாள்.

குடும்பத்தோடு போகும்போதும் அவர் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அப்பா, சித்தப்பா, அண்ணன் மூன்று பேரும் உள்ளே போவார்கள். அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் எதிர்ப்பக்கம் ஏதாவது மரத்தடியிலோ ஜவுளிக்கடைப் படியிலோ மூட்டைகளோடு நிற்போம். "பத்து பேரு எதிர்ல பொம்பளைங்க வாயத் தொறந்து துன்னா குடும்பத்துக்கு நல்லாவா இருக்குது?" என்பார் அப்பா. வயலில் அத்தனை ஆட்களுக்கு எதிரில் கூழ் குடித்தால் நன்றாக இருக்குமாம், கிளப்பில் தோசை தின்றால்தான் குடும்பம் கெட்டுப்போகுமாம். இதை நான் ஒருமுறை கேட்டேன். கேட்டதற்கு அண்ணன் என் தலையில் குட்டினான். அவனுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை.

அவர்கள் சாப்பிட்டு, காபி குடித்து, யாரோ தெரிந்தவரோடு ஊர்க்கதை பேசி, வெற்றிலையும் போட்டுக்கொண்ட பிறகுதான் பொட்டலம் ரோட்டைத் தாண்டி வரும். வாழை இலையில் தோசையை மடித்து, அதன் மேலேயே சட்னியை ஊற்றி, செய்தித்தாள் சுற்றி நூல் கட்டியிருக்கும். சாம்பாருக்கு நாங்கள் கொண்டுபோன தூக்கு. பிரிக்கும்போது தோசை துவண்டு, நனைந்த துணி மாதிரி கையோடு வரும். முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, மளமளவென்று தின்று முடிக்க வேண்டும். ரோட்டில் நின்று தின்பதை அந்த ரோடே பார்க்கும். அது மட்டும் அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சலாகத் தெரியவில்லை.

மயிலம் கோயிலுக்கு மொட்டை போடப் போனபோது வழியில் ஓரிடத்தில் பஸ் நின்றது. ஆண்கள் இறங்கி ஓடினார்கள். பஸ் கிளம்புகிற நேரத்துக்கு ஜன்னல் வழியாகப் பொட்டலம் உள்ளே வந்தது. ஓடுகிற பஸ்ஸில் அம்மா அதைப் பிரித்தாள். தூக்கு சாய்ந்து அவளுடைய புதுப் புடவை முழுக்க சாம்பார். சாமி கும்பிடுகிற வரைக்கும் அந்தக் கறையை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டே நடந்தாள். "பாத்துப் புடிக்கக் கூடாதா?" என்றார் அப்பா. ஏப்பம் விட்டுக்கொண்டே சொன்னார்.

அக்கா கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் புதுச்சேரி போயிருந்தோம். எழுபதுகளின் ஆரம்பம். எனக்குப் பதினாறு வயதிருக்கும். நாங்கள் நின்ற ஜவுளிக்கடைப் படிக்கு நேர் எதிரே அந்த ஹோட்டலின் தோசைக்கல் தெரிந்தது. வாசலை ஒட்டியே போட்டிருந்தார்கள். மாஸ்டர் தண்ணீர் தெளித்து, துடைப்பக்கட்டையால் தேய்த்து, மாவு ஊற்றும்போது 'சொய்' என்கிற சத்தம் எங்கள் காது வரைக்கும் வந்தது. சர்வர் அதை அப்படியே தட்டில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனுக்கு ஒரே ஒரு ஆசடி," என்றாள். "நான் குந்தின எடத்துல, யாராவது ஊத்திக் கொண்ணாந்து குடுத்து, சூடா ஒரு தோச துன்னணும்."

அம்மா தன் வாயால் தனக்கு இது வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வீட்டில் அவள் சூடான தோசையைப் பார்க்காமல் இல்லை. தீபாவளி, பொங்கல் என்றால் கல்லடியில் நிற்பவளே அவள்தான். எல்லோருக்கும் ஊற்றிப் போட்டுவிட்டு அவள் உட்காரும்போது அடுப்பு அணைந்திருக்கும். தட்டில் மிஞ்சிய கிழிந்ததும் தீய்ந்ததும் இருக்கும்.

"அப்பாகிட்ட சொல்லட்டுமா?" என்றேன். பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதடி. துன்ற ஆசையில அலையறான்னு நெனச்சிக்குவாரு." அப்போது பொட்டலம் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பித் தின்றாள். நான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. அந்த ஹோட்டலின் மேல் மண்ணை வாரித் தூற்ற வேண்டும் போலிருந்தது.

அன்றைக்கு முடிவு கட்டினேன், எனக்கென்று ஒரு வேலை கிடைத்ததும் அம்மாவை ஹோட்டலில் உட்கார வைத்துச் சூடாகத் தோசை வாங்கித் தருவேன் என்று. படித்தேன். டீச்சர் வேலை கிடைத்தது. கல்யாணமாகி வில்லியனூரில் குடித்தனம் போட்டோம். வருஷத்துக்கு ஒரு மாதம் அம்மா வந்து என்னோடு இருப்பாள். வந்த அன்றைக்கே அடுப்படியை எடுத்துக்கொள்வாள். காலையில் நான் பள்ளிக்கூட மணிக்குள் ஓட வேண்டும். அவள் ஊற்ற ஊற்ற நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றபடி நாலு தோசை தின்றுவிட்டு ஓடுவேன். அவள் வந்திருக்கும் மாதம் எனக்கு உடம்பு ஒரு சுற்றுப் பூசினாற்போல ஆகிவிடும்.

அப்படி வந்திருந்தபோது ஒரு நாள் அவளைக் கண் டாக்டரிடம் காட்டப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது பேச்சே கொடுக்காமல் கையைப் பிடித்து ஹோட்டலுக்குள் இழுத்துக்கொண்டு போனேன். பெண்களுக்கென்று பின்னால் பச்சைத் திரை போட்ட அறை இருந்தது. "அங்க போலாம்டி" என்று கெஞ்சினாள். எனக்கு வீம்பு. திரைக்குப் பின்னால் உட்காருவதற்கா இத்தனை வருஷம் காத்திருந்தேன்? கல்லுக்குப் பக்கத்திலேயே, கூடத்தின் நடுவில், மேஜை முன்னால் உட்கார வைத்தேன். நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுகிறவள் போல உட்கார்ந்தாள். கால் தரையில் சரியாக ஊன்றவில்லை.

தோசை வந்தது. இலை நறுக்கு போட்ட தட்டில், நெய் மினுங்க, ஆவி பறக்க வந்தது. அம்மா அதைத் தொடாமல் பார்த்தாள். அவள் முகம் சிறுபிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "சுடுதுடி" என்று சிரித்தாள்.

அதே சமயம் வாசலில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நுழைந்தார். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்தவர், அப்பாவுக்குக் கூட்டாளி. அம்மா அவரைப் பார்த்தாள். அவர் எங்களைப் பார்த்தாரா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. கண் மூடித் திறப்பதற்குள் அம்மா அந்த இலை நறுக்கோடு தோசையை நாலாக மடித்து, மடியில் வைத்து, முந்தானையால் மூடிவிட்டாள். மடி சுட்டிருக்கும். முகத்தில் காட்டவில்லை. அவர் உட்கார்ந்து முதுகைக் காட்டியதும் எழுந்து விறுவிறுவென்று வெளியே நடந்துவிட்டாள். சர்வர் என்னையும் காலித் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டில், பெஞ்சின் கோடியில், சுவர்ப் பக்கம் திரும்பி அதைத் தின்றாள். நான் கத்தினேன். "ஒனக்கெல்லாம் அந்தப் பொட்டலம்தாம்மா லாயக்கு" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "நல்லாத்தான்டி இருக்குது" என்றாள்.

அந்த மனிதர் பார்த்துத்தான் இருக்கிறார். அடுத்த வாரம் அவளை ஊரில் கொண்டுபோய் விட்டபோது அப்பா கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே கேட்டார். "கிளப்ல போயி குந்தினியாமே, இன்னாத்துக்கு? ஒனக்கு ஊறுன தோசதான புடிக்கும்?"

"ஆமா," என்றாள் அம்மா.

அந்த 'ஆமா' என் நெஞ்சில் இன்னும் எரிகிறது. அப்பாமேல் இருந்த கோபத்தைவிட அன்றைக்கு அவள்மேல்தான் எனக்குக் கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அதற்கப்புறமும் அவள் வருஷாவருஷம் வந்தாள். ஹோட்டல் என்ற பேச்சை மட்டும் நான் எடுக்கவில்லை, உன் தலையெழுத்து என்று விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் அம்மா போய்விட்டாள். இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முப்பதாம் நாள் படையலுக்கு நாங்கள் எல்லோரும் கூடியிருந்தோம். சுழியன், அதிரசம், கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் வைத்தாயிற்று. அப்பாவைக் காணோம். விடிந்ததும் புதுச்சேரிக்குப் போனவர் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் நூல் கட்டிய பொட்டலம். எண்ணெய் ஊறிக் காகிதம் கறுத்திருந்தது. அதை இலையின் நடுவில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"இந்தப் பொட்டலத் தோசன்னா அவளுக்கு உசுரு," என்றார் உறவுக்காரர்களிடம்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆங்காரம் வந்ததோ. பொட்டலத்தை இலையிலிருந்து எடுத்து அவர் முன்னால் போட்டேன். "நீயே துன்னு பாருப்பா," என்றேன். "ஒரு நாளாவது இத நீ துன்னிருக்கியா? அவளுக்கு இதுவா உசுரு? ஆயுசு பூரா ரோட்ல நிக்க வச்சி துன்ன வச்சியே!" அண்ணன், "ஏய், நாளும் கெழமையுமா" என்று எழுந்தான். அவனையும் விடவில்லை. நிறுத்தாமல் பேசினேன். ஜவுளிக்கடைப் படியில் அவள் சொன்னதை, சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டதை, எல்லாவற்றையும் கொட்டினேன். "குந்தின எடத்துல, யாராவது ஊத்திக் குடுத்து, சூடா ஒரே ஒரு தோச. அவ கேட்டது அவ்ளோதான்!"

அப்பா அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. தெரியாமல் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

"ஒங்கிட்ட சொல்லியிருக்கறா. எங்கிட்ட சொல்லல. அதுக்கு கிளப்பு எதுக்கும்மா? ஒன் வூட்லதான் மாசக்கணக்குல இருந்தாளே. கல்லு இருந்துச்சி, மாவு இருந்துச்சி. நீ ஒரு நாளு குந்த வச்சி ஊத்திக் குடுத்தியா?"

அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அதை அங்கேயே சொல்ல வாயைத் திறந்தேன். வில்லியனூர் வீட்டு அடுப்படியில் அவள் வியர்த்துப்போய் நிற்க, நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னொண்ணு போடும்மா, மணியாவுது" என்று தட்டை நீட்டியதுதான் கண்முன்னால் வந்து நின்றது.